சோக் இருந்த ஓட்டை

பஞ்சிகாவத்தையில் எஞ்சினை யாரும் விலை கேட்பதில்லை முதலில்,
தட்டிப் பார்க்கிறார்கள்.
நிஸ்தார் பாஸ் தட்டித் தெரிந்த செவன்-கே,
யப்பானில் யாருடைய முட்டைக்கோசை இழுத்ததோ,
இன்று பின்னேரம் என் ஸ்கூல் வானுக்குள் இறங்கிவிட்டது,
முன் சீட்டுக்கு அடியில்,
நாலு பேர் இரண்டு மொழியில்
மெதுவா மெதுவா என்று கத்த.

இனி அதற்கு எப்படி ஊட்டுவது?

சாக்கு விரித்த மேசையில்
இடப்பக்கம் காபரேட்டர்,
மண்ணெண்ணெயில் குளித்துவிட்டு ஈரத்தோடு.
பித்தளை ஜெட், மிதவை, ஒரு கிண்ணம்.
வலப்பக்கம் இஞ்செக்டர் நாலு,
சிக்கெடுக்காத கூந்தலாய் வயர்,
பிறகு ஒரு சாம்பல் பெட்டி.
"அதுதான் மூளை" என்றான் வயரிங் சுனிமல்.
மூளைக்குக் காசு தனி என்றான்
அதே மூச்சில்.

காபரேட்டர் இருபத்தெட்டாயிரம்.
மூளையோடு போனால் ஒரு லட்சத்துப் பத்து.
என்னிடம் பதின்மூன்று பிள்ளைகள்.
அதில் இரண்டு வீடு போன மாதக் காசே தரவில்லை.

நிஸ்தார் பாஸ் காபரேட்டர் கட்சி.
"சோக் இழுத்தா சோக்கா எடுக்கும் டெல்சி.
ரோட்டுல நின்டாலும் ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்,
ஜெட்ட கழட்டி ஊதுங்க, போய்ட்டே இருங்க.
பெட்டி நின்டா? பெட்டியோட பேச ஏலுமா?"

ஏலாது.
காபரேட்டரோடு பேசியிருக்கிறேன் நான்.
மருதானைப் பாலத்து ஏற்றத்தில், மழையில்,
பின்னால் ஒரு பஸ் ஹோர்னிலேயே படுத்துக் கிடக்க
கெஞ்சியிருக்கிறேன். தூஷணமும் சொல்லியிருக்கிறேன்,
பிள்ளைகளுக்குக் கேளாமல்.

ஆனால் பெட்ரோல் வரிசையில்
ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிய வருஷம்
அதன் குணமும் தெரிந்தது.
கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரன் அது.
போதும் என்று கை மறித்தாலும்
விரலிடுக்கால் இலையில் விழும்.
மற்றது பார்மசிக்காரி.
துண்டைப் பார்ப்பாள், எண்ணுவாள்,
ஒன்று கூடத் தரமாட்டாள்.

முன் சீட்டில் யதுர்ஷா.
பின்னால் இருத்தினால் சத்தி எடுப்பாள்,
முன்னால் இருத்தினால் இழுப்பு.
எஞ்சின் மூடியின் விளிம்பால் பெட்ரோல் வாடை ஏற ஏற
பையில் தடவி அந்த நீலக் குழலை எடுப்பாள்.
ஒரு அமத்தல். ஒரு அளவு.
குழலின் முதுகில் இலக்கம் ஒன்று குறையும்.
"இன்னும் நாப்பத்தொண்டு இருக்கு அன்ரி,"
மிச்சக் காசு சொல்வதுபோலச் சொல்வாள்.
ஜன்னலைத் திறந்துவிடுவேன்.
ஆமர் வீதிப் புகை உள்ளே வரும்.

அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பாஸ் கை கழுவப் போன நேரம்
என் சட்டைக் கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு வருஷ சவர்க்காரத்துக்கும் அசையாத வாடை.
"பெட்டியப் பூட்டுங்க பாஸ்."
ஏன் என்று கேட்டார்.
பெட்ரோல் மிச்சம் என்றேன்.
அதுவும் பொய்யில்லை.
மிகுதிக் காசை நாலு தவணையாக
சிகரட் மட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டார்,
தன் கட்சி தோற்ற முகத்தோடு.

திங்கள். ஐந்து நாற்பது. ஜம்பட்டா வீதி.
இடக்கை தானாகப் போய் சோக் குமிழைத் தேடியது.
அங்கே ஓட்டை, சுனிமல் ஒட்டிய கறுப்பு டேப்.
திறப்பைத் திருப்பினேன்.
தூங்காமலே கண்மூடிக் கிடந்தவள் மாதிரி
உடனே எழும்பிற்று.
எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை.
கொஞ்சம் கோபம் வந்தது.

யதுர்ஷா ஏறினாள். மூக்கை உறிஞ்சினாள்.
"வான் மணக்கேல்ல."
அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆமர் வீதிச் சிக்னலில்
டாஷ்போர்டில் மஞ்சளாய் ஒன்று எரிந்தது.
"அன்ரி, ஆமை மாதிரி ஒரு லைட்."
"தெரியுது."
"என்னவாம்?"
"தெரியாது. பத்து மணிக்கு பாஸிட்டக் கேட்பம்."
எஞ்சின் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.
ஆமை அணையவில்லை.
பின் சீட்டுக்கு அடியில்
பழைய ஞாயிறு பேப்பரில் சுற்றிய காபரேட்டர்,
விற்காமல் நான் கேட்டு வாங்கி வந்தது,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருதரம்
தகரத்தில் இடித்தது.